இடது பை, வலது பை

அத்தையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஊரில் இன்னும் இரண்டு வீட்டாரின் பெயர் தானாக வெளியே வந்துவிடும். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் என்பது வரை சொல்லலாம். எனக்கு அவள் ரத்த உறவு இல்லை. தெருவில் அவளைவிட இளையவர்கள் எல்லோருக்கும் அவள் அத்தை. பையன்கள் எல்லோரும் அவளுக்கு மருமகன்கள். "என்னா மருமவனே, மூஞ்சி ஏன் சோந்து கெடக்கு?" என்று கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போடுவதுதான். ஆனால் கடையில் வாங்குகிற சட்டைக்கு இடது பக்கம் ஒரு பைதான் இருக்கும். அத்தை ஜெயங்கொண்டத்துத் தையல்காரரிடம் கொடுத்து வலது பக்கமும் ஒன்று தைத்து வாங்கிக்கொள்வாள். துணி பொருந்தாது. கோடு போட்ட சட்டையில் பூப்போட்ட பை இருக்கும். கேலி செய்தால், "பை எதுக்கு? பாக்கவா, போடவா?" என்பாள்.

அந்தப் பைகளில் போடுவது முந்திரிக்கொட்டை. ஓடு உடைக்காத காய்ந்த கொட்டை. கரும்பு வெட்டவும், கட்டட வேலைக்கும் ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிப்போவது அத்தையின் தொழில். ஆளுக்கு ஒரு கொட்டை. காலையில் எல்லாம் இடது பையில் இருக்கும். வேலை முடிந்து ஒவ்வொருவராக வந்து அவள் முன்னால் நிற்கும்போது ஒவ்வொன்றாக வலது பைக்கு மாறும். இடது பை காலியாகிற வரைக்கும் வண்டி கிளம்பாது. யார் கெஞ்சினாலும் கிளம்பாது. வழியில் எங்கே நின்று கிளம்பினாலும் இதே கணக்குதான்.

ஒன்று, இரண்டு என்று ஆட்களை எண்ணினால் அவளுக்குக் கோபம் வரும். "மனுசங்கள எண்ணப்புடாது. ஆடா மாடா?" என்பாள். மூடநம்பிக்கை என்று நான் நினைத்தேன். அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தேன் என்பதைத்தான் இவ்வளவு கௌரவமாகச் சொல்கிறேன். இரண்டு எழுத்து படித்தவனுக்கு ஊரில் எல்லாமே மூடநம்பிக்கையாகத்தான் தெரியும்.

ஒருமுறை அவள் ஆட்களோடு நானும் துறைமுகத்து வேலைக்குப் போகிற வழியில் டீ குடிக்க பஸ் நின்றது. எல்லோரும் ஏறிவிட்டோம். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அத்தை படியிலேயே நிற்கிறாள்.

"இன்னும் ஒரு ஆளு ஏறல."

"ஏம்மா, சீட்டெல்லாம் ரொம்பிருக்கு, பாரு! எண்ணிக்க!" என்று டிரைவர் கத்தினார்.

"நீங்க எண்ணுங்க. நான் பாத்துக்கறேன்."

பஸ்ஸில் மற்ற பயணிகளும் இருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் திட்டுகிறார். அத்தை அசையவில்லை. கடைசி சீட்டில் ஒருத்தர் துண்டை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நடந்து போய்த் துண்டை விலக்கிப் பார்த்தாள். எங்கள் ஆள்தான். ஒரு கொட்டையை எடுத்து வலது பையில் போட்டுவிட்டு, "இப்ப எடுங்க சார்" என்றாள். தூங்கினவர் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். அவர் சட்டை தெரிந்தது, கால் தெரிந்தது, செருப்புகூடத் தெரிந்தது. அதெல்லாம் அவளுக்குப் போதாது. மூஞ்சியைப் பார்க்காமல் கொட்டை மாறாது.

இதற்கான காரணத்தை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அத்தைக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். முப்பது பேர் கரும்பு வெட்டிவிட்டு லாரியில் திரும்புகிறார்கள். வழியில் நிறுத்திய இடத்தில் டிரைவர் தலைகளை எண்ணி, "முப்பது, சரியா இருக்கு" என்று வண்டியை எடுத்துவிட்டான். ஒருத்தியின் மடியில் இருந்த கைக்குழந்தையும் அவன் கணக்கில் ஒரு தலையாகிவிட்டது. விட்டுப்போனது அத்தையின் வீட்டுக்காரர். இருட்டில் ஓடிவந்து பின்பலகையைப் பிடித்தவர், யாரும் கவனிப்பதற்குள் கை நழுவி ரோட்டில் விழுந்தார். பின்னால் இன்னொரு லாரி வந்தது. அத்தை முன்பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வந்து இறங்கும்போதுதான் ஆள் குறைவது தெரிந்தது. இதைக் கேட்ட பிறகு அவள் பைகளை நான் கேலி செய்வதில்லை.

துறைமுகம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் துறைமுகம் என்றால் அது ஒன்றுதான். அங்கே வெள்ளைக்காரன் காலத்துப் படகு கிளப் ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பாய்ப்படகுப் போட்டியும் துடுப்புப் படகுப் போட்டியும் சேர்த்து ஒரு வாரம் நடக்கும். ரெகட்டா என்பார்கள். அத்தை இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் முன்னதாகவே போய்விடுவாள். பந்தல் போடவேண்டும், படகுத்துறையில் பாசி சுரண்டவேண்டும், நாற்காலி அடுக்கவேண்டும். போட்டி தொடங்கியதும் படகுகளைத் தலைக்கு மேல் தூக்கித் தண்ணீரில் விட்டு, முடிந்ததும் தூக்கி வந்து நல்ல தண்ணீரில் கழுவவேண்டும்.

கிளப் சுவரில் பழைய போட்டோக்கள் இருக்கும். மீசை வைத்த வெள்ளைக்காரர்கள் துடுப்பை நட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது அதே மாதிரித் துடுப்பை நம் ஊர் டாக்டர்களும் கம்பெனிக்காரர்களும் பிடித்துக்கொண்டு அதே மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மீசை மட்டும் இல்லை. மற்றபடி கொடியேற்றுவது, பேண்டு வாசிப்பது, கோப்பைக்கு வெள்ளைத்துணி விரிப்பது, யார் புல்தரையில் நடக்கலாம், யார் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பது எல்லாம் அந்தக் காலத்தில் எழுதிவைத்தபடியே நடக்கும். நாங்கள் சுற்றிக்கொண்டு போகிறவர்கள்.

உள்ளூர் மீனவர்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள். கடல் தெரிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். சுண்ணாம்புக்கல் குவாரியிலும் முந்திரிக்காட்டிலும் வேலை செய்த எங்களுக்குக் கேட்க என்ன தெரியும்? எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அத்தைக்கு முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கினாலே மயக்கம் வரும்.

அங்கே ஒரு வேலைக்கு வால் பிடிக்கிற வேலை என்று பெயர் வைத்திருந்தோம். துடுப்புப் படகுகள் ஒரே வரிசையில் கிளம்பவேண்டும் அல்லவா? அதற்காக, கரையிலிருந்து வெகுதூரத்தில், துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கற்களுக்குப் பக்கமாக, நான்கு சிறு தெப்பங்களை நங்கூரம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். தெப்பத்துக்கு ஒரு ஆள். குப்புறப் படுத்துக்கொண்டு, படகின் பின்முனையைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். துப்பாக்கி வெடித்ததும் விட்டுவிடவேண்டும். அடுத்த போட்டிக்கு அடுத்த படகு வரும். பெரிய மனிதர்களுக்கு வால் பிடிப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள், நாங்கள் நிஜமாகவே பிடித்தோம். காலையில் மோட்டார் படகில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மதியம் ஆள் மாற்றுவார்கள். மிதவைச் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். குப்புறப் படுத்தால் அது நெஞ்சில் அழுத்தும். அதனால் எல்லோரும் அதைக் கழற்றித் தலைக்கடியில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் செட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது நேரத்துக்கு முன்னால் நழுவிவிட்டால், மற்றவர்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம். "இப்பத்தான் சார் பாத்தேன், ஷெட்டுல இருக்காரு" என்று சொல்லிவிடுவோம். கரும்பிலும் அப்படி, குவாரியிலும் அப்படி. காட்டிக்கொடுக்கிறவனை அடுத்த வருடம் யாரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அத்தைக்கும் இது தெரியும். "சூப்பர்வைசர்கிட்ட ஆயிரம் பொய் சொல்லிக்கங்க, நானும் சேந்து சொல்றேன். எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்பாள்.

அந்த வருடம் நான்காவது தெப்பத்தில் இருந்தவரை மணிவேல் என்று வைத்துக்கொள்வோம். உறவு இல்லை, தெருப் பழக்கத்தில் அண்ணன் என்பேன். கடைசி நாள் போட்டிக்கு மறுநாள் காலை, கல்லங்குறிச்சிக் கோயிலில் அவருடைய மகனுக்குக் காதுகுத்து. ஐந்து வயதுப் பையன். ஒரே பிள்ளை. மாலை வேலை முடிந்து எல்லோரும் சேர்ந்து கிளம்பினால் அரியலூர் போய்ச் சேரவே விடிந்துவிடும். கடைசி நாள் காலையில் படகு வைக்கிற ஷெட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மதியம் ஆள் மாத்த போட்டு வரும்ல, அதுல ஏறிக் கரைக்கு வந்துட்டு அப்படியே பஸ்ஸப் புடிச்சிடறேன். அத்தைகிட்ட சொன்னா விடாது. எல்லாரும் சேந்துதான் போவணும்னு நிக்கும். யாராச்சும் கேட்டா ஷெட்டுல பாத்தேன்னு சொல்லிடு."

"சரிண்ணே. போன எடுத்துக்கிட்டீங்களா?"

"அத்தைகிட்ட இருக்கு. கேட்டா சந்தேகப்படும். வுடு, நாளைக்கு நீங்க கொண்டாந்துடுவீங்கல்ல."

தண்ணீரில் விழுந்துவிடும் என்று தெப்பத்துக்குப் போகிறவர்களின் போன்களை அத்தை ஒரு மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொள்வாள். அந்தப் பதிலில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பியது. போட்டிகளைச் சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று கிளப்பில் முடிவெடுத்து, இடைவேளை விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினார்கள். மதியம் ஆள் மாற்றுகிற படகு போகவேயில்லை. நான் ஷெட்டுக்குப் பின்னால் படகு கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது. மணிவேல் அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி வாக்கில் காற்று முரட்டுத்தனமாகிவிட்டது. பாய்ப்படகுகள் இரண்டு கவிழ்ந்தன. அதில் இருந்தவர்களைத் தூக்க எல்லா மோட்டார் படகுகளும் ஓடின. பிறகு ஒரு படகு தெப்பத்து ஆட்களை அழைத்துவரப் போய், மூன்று பேரோடு திரும்பியது. நான்காவது தெப்பம் இருந்த இடத்தில் தெப்பமே இல்லை. நங்கூரம் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. தெப்பத்தை வேறு யாரோ இழுத்து வந்துவிட்டார்கள், ஆளும் அதோடு வந்திருப்பான் என்று படகுக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். படகுத்துறையில் சூப்பர்வைசர் நனைந்த பட்டியலோடு நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாலாவது ராஃப்ட் ஆளு, மணிவேலு, வந்துட்டானா?"

"வந்துட்டாரு சார். ஷெட்டுல இருக்காரு."

அவர் டிக் அடித்தார். மோட்டார் படகைக் கரையேற்றச் சொன்னார். நழுவினதைப் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நான்கு வார்த்தைதான் நான் சொன்னது. சொல்லும்போது என் குரல் தடுமாறக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். சட்டை முழுக்க ஈரம். இடது பையில் கையை விட்டபடியே வந்தாள்.

"மணிவேலு எங்கடா? இன்னும் என் முன்னால வரல."

"ஷெட்டுப் பக்கம் பாத்தேன் அத்தை."

"நீ பாத்தியா? மூஞ்சியப் பாத்தியா?"

பாத்ரூம் போயிருப்பார் என்றோ, தெரியாது என்றோ சொல்லியிருக்கலாம். காதுகுத்துக்குப் போகிற மனிதனை எதற்காகக் கடைசி நேரத்தில் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற திமிர் வேறு.

"பாத்தேன் அத்தை. பேசிக்கிட்டுகூட இருந்தேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் யாரோ நாற்காலிகள் பறக்கின்றன என்று அவளைக் கூப்பிட்டார்கள். கையிலிருந்த கொட்டையை வலது பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். எனக்குத் தெரிந்து அவள் மற்றவர் பேச்சை நம்பிக் கொட்டை மாற்றியது அந்த ஒரு முறைதான்.

ஆறு மணிக்கு உள்ளே பரிசு கொடுத்தார்கள். பேண்டு வாசித்தது. நாங்கள் பின்பக்கம் கிளம்புவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அத்தை மஞ்சள் பையைத் திறந்து போன்களைக் கொடுத்தாள். மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள். பைக்குள் இன்னொரு போன் அடித்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். 'வீடு' என்று இருந்தது.

"மணிவேலுது" என்றேன்.

"ஷெட்டுல இருக்கறவன் ஏன் இன்னும் போன் வாங்க வரல?"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. நான் எடுக்காமல் அவளிடமே திருப்பி நீட்டினேன். அதற்கு மேல் நான் மறைக்கவில்லை. மதியமே பஸ் ஏறியிருப்பார் அத்தை, என்று சொல்ல ஆரம்பித்தேன். "மதியம் போட்டே போவலயேடா" என்று தெப்பத்தில் இருந்து வந்த ஒருத்தர் சொன்னார்.

அத்தை புல்தரையில் ஓடினாள். நடக்கக்கூடாத அந்தப் புல்தரையில், செருப்பில்லாத சேற்றுக் காலோடு, பரிசு கொடுக்கிற மேடை வரைக்கும் ஓடினாள். "ஒரு ஆளு தண்ணியில கெடக்குறான் சார்! போட்டு எடுங்க சார்!" என்று கத்தினாள். பேண்டு நிற்க நேரமானது. சூப்பர்வைசர் பட்டியலைக் கொண்டுவந்து, டிக் அடித்திருப்பதைக் காட்டினார். உங்க ஆள்தான் வந்துவிட்டதாகச் சொன்னான் என்றார். அதையெல்லாம் பேசி முடித்துப் படகு கிளம்பியபோது வெளிச்சம் போய்விட்டது. தெப்பம் அலைத்தடுப்புக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது. மணிவேல் அண்ணன் மறுநாள் மீனவர்கள் வலையில் கிடைத்தார். கல்லங்குறிச்சியில், இன்னும் செய்தி போய்ச் சேராமல், காதுகுத்துக்குத் தாய்மாமன் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்த நேரம் அது.

போலீஸ் விசாரித்தபோது நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். யார் வந்துவிட்டதாகச் சொன்னது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சூப்பர்வைசர் எங்கள் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் ஒரே ஆரஞ்சு பனியன் போட்டிருந்தோம். வருடா வருடம் எங்களைப் பார்க்கிறவருக்கு என் முகம் ஞாபகம் இல்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வைக்கவில்லை.

அத்தைதான் முன்னால் போனாள். "நாந்தாங்க எல்லாரையும் பாத்து முடிச்சேன். எல்லாரும் வந்துட்டாங்கன்னு நாந்தான் கணக்க முடிச்சேன். எங் கணக்கு தப்பிடுச்சிங்க."

கிளப்புக்கு அது வசதியாக இருந்தது. போலீஸில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வாங்கினார்கள்.

ஊரில் சவம் இறங்கியபோது மணிவேலின் மனைவி மண்ணை அள்ளி அத்தையின் முகத்தில் வீசினாள். அவளைச் செல்வி அக்கா என்று சொல்கிறேன், அதுவும் மாற்றிய பெயர்தான். "எண்ணத் தெரியாத முண்டைக்கு எதுக்குடி ஆளு கூட்டிட்டுப் போற வேல?" என்று கத்தினாள். அத்தை கண்ணைத் துடைக்காமல் நின்றாள். நான் பாடைக்குக் கீற்று முடைகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு அத்தையோடு வேலைக்குப் போக ஒருவரும் வரவில்லை. அவள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கப் போனாள். விரல்களெல்லாம் கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கறுத்து உரிந்தன. பிறகு வயதாகி நூறு நாள் வேலைக்கு வந்தாள். ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஏரிக்கரையில் ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "அந்தம்மாவ எண்ணச் சொல்லிடாதீங்க, ஒண்ணு கொறஞ்சிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

ஒரே ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பேச்சை எடுத்தேன். சம்பவம் நடந்து ஒரு வருடம் இருக்கும். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் செல்வி அக்காகிட்ட போயி உண்மையச் சொல்லிடறேன் அத்தை."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னா உண்மை? நீ சொன்னது பொய்யி. அத நம்புனது யாரு? மூஞ்சியப் பாக்காம மாத்துனது யாரு? நீ சின்னப்பய, யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவ. எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுவான். அதுக்குத்தான நான் கூட வந்தேன்."

"இல்ல அத்தை..."

"உனக்குக் கல்யாணம் ஆவணும். வேற ஏதாச்சும் பேசு."

வேறு பேசினேன். மழையைப் பற்றியும் ரேஷன் கடையில் வந்திருக்கிற பச்சரிசியைப் பற்றியும் பேசினேன். வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைக் காப்பாற்றினாளா, அல்லது உண்மையிலேயே தன்மீதுதான் தப்பு என்று நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு அது சாதகமாக இருந்தது. கல்யாணம் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். அத்தை இரண்டு பேருக்கும் பெயர் வைக்கிற அன்று வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சம்பவம் நடந்து பதின்மூன்று வருடம் கழித்து, போன மாதம் அத்தை செத்துப்போனாள். கடைசி நாலு மாதம் படுக்கைதான். என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போனபோதெல்லாம், "புள்ளைங்க நல்லாருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

கருமாதிக்கு முதல் நாள் நான் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். மதிய வெயில். வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணிவேல் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டது, சூப்பர்வைசரிடம் நான் சொன்னது, அத்தையிடம் சொன்னது, போலீஸில் சொல்லாதது. ஒன்றையும் விடவில்லை. அவள் அரிவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் இரண்டு வெங்காயம் அரிந்தாள்.

"ரெண்டு தடவ ஆள் அனுப்பிச்சாங்க" என்றாள். "படுக்கையில கெடந்தப்ப. ஒருக்க வந்துட்டுப் போம்மான்னு. போவல நான். ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தாங்க. பதிமூணு வருஷம் அவங்க எதுக்க வந்தா காறித் துப்பிட்டுப் போவேன்."

அரிந்த வெங்காயத்தை முறத்தில் தள்ளினாள்.

"அவங்க உசுரோட இருந்தப்ப எங்க போன நீ?"

"தைரியம் வரலக்கா."

"இப்ப வந்துருச்சா? அவங்க போயி சேந்ததும் வந்துருச்சா? உனக்கு நெஞ்சு கனத்துச்சு, எறக்கி வைக்க என் வூடு கெடைச்சுது."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். நாளைக்குக் கருமாதியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

"சொல்லாத. எம்புள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா உன்ன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவான். நீ செத்தா எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். வாய மூடிக்கிட்டு இரு."

"அத்தை பேரு அப்படியே கெட்டுக் கெடக்கணுமாக்கா?"

"அத அன்னிக்கு நெனச்சிருக்கணும்."

அப்போது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் மகன். பதினெட்டு வயது. சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருக்கிறான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. நெற்றியும் நடையும் மணிவேல் அண்ணன் மாதிரியே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்கண்ணே. என்னாண்ணே நின்னுக்கிட்டே இருக்கீங்க? வெயில்ல வந்துருக்கீங்க, உக்காருங்க."

"அந்தம்மா கருமாதிக்குச் சொல்லிட்டுப் போவ வந்தாரு" என்றாள் செல்வி அக்கா.

அவன் முகம் மாறியது. "அந்தக் கெழவிக்குக் கருமாதி ஒண்ணுதான் கொறச்சலா? எங்கப்பன எண்ணாம விட்டுட்டு வந்தவ. நாங்க வரமாட்டோம்ணே. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

செல்வி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்கல தம்பி" என்றேன்.

அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் உட்கார்ந்து குடித்தேன்.